டாக்டர் வூ யீபாங் அம்மையார்

அரசியல் என்றவுடன் நம்மிற் பலருக்கு மேடையும் கொடியும் ஆரவாரமுமே நினைவிற்கு வருகின்றன. கலாசாலை என்றாலோ உலகினின்று ஒதுங்கிய அமைதியான ஓரிடமே மனக்கண்முன் தோன்றுகின்றது. இவ்விரண்டிற்கும் தொடர்பில்லை என்பார் ஒருசாரார். தொடர்பிருத்தல் தகாது என்பார் மற்றொருசாரார். ஆயின், கலாசாலைத் தலைமையையே தம் வாழ்வின் நடுவிடமாகக் கொண்டு, அவ்விடத்தினின்றே தம் நாட்டின் பொதுமன்றங்களிலும் உலகப் பேரவையிலும் அமர்ந்து தொண்டாற்றிய பெண்மணி ஒருவர் சீனநாட்டில் வாழ்ந்தார். அவரே டாக்டர் வூ யீபாங் அம்மையார். சீனர் தம் குடிப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவராதலின், 'வூ' என்பது இவர்தம் குடிப்பெயர், 'யீபாங்' என்பது இயற்பெயர் என அறிக. மிஷன் கலாசாலையிற் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் இவர் வரலாறு பெரிதும் பயன்படுமாதலின், அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

இளமையும் இடுக்கணும்

யீபாங் அம்மையார் 1893-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள், யாங்ட்ஸி ஆற்றங்கரையிலுள்ள வூசாங் நகரிற் பிறந்தார். தந்தையார் மஞ்சு மன்னர் ஆட்சியில் அலுவல் பார்த்தவர். அக்காலத்துச் சீனத்தில் பெண்மக்கள் பள்ளி செல்லுதல் அருமையினும் அருமை. நற்குடிப் பெண்கள் காலைக் கட்டிச் சிறிதாக்கி, வீட்டினுள் அடங்கியிருத்தலே சிறப்பெனக் கொண்ட காலம் அது. எனினும் யீபாங்கும் அவர் தமக்கையும் ஹாங்சௌ நகரத்துப் பெண்பள்ளி ஒன்றிற் சேர்க்கப்பெற்றனர். பின்னர் ஷாங்காயிலும் சூசௌவிலுமுள்ள பள்ளிகளில் ஆங்கிலமும் பிறவும் கற்றனர்.

கல்வி இவ்வாறு நடந்துகொண்டிருக்கையில் துன்பம் வந்து சூழ்ந்தது. 1909-இல் தந்தையார், அலுவலில் நேர்ந்த இடுக்கணுக்கு ஆற்றாது தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1911-இல் சீனத்தில் புரட்சி எழுந்தது. நாடு நிலைகுலைந்த அவ்வாண்டிலேயே, தமையனாரும் அவ்வாறே இறந்தார்; நோயுற்றிருந்த தாயார் அத்துயர் தாங்காது மறைந்தார்; தமக்கையாரும் உடனே உயிர் துறந்தார். பதினெட்டு வயதினளாகிய யீபாங், முதிய பாட்டியாரையும் இளைய தங்கையையும் தவிர வேறு துணையின்றி நின்றார். இத்துணைத் துயரையும் ஒருங்கே கண்ட இளம்பெண்ணின் உள்ளம் எந்நிலை உற்றிருக்கும் என்பதனை நாம் எழுத்தாற் காட்டவியலாது.

அந்நிலையில் அவரைக் காத்தவர் சென் ஷூதுங் என்னும் அறிஞர். யீபாங்கின் தாயாருடன் பிறந்தாளை மணந்தவர் அவர். பழைய அரசாங்கத் தேர்வுகளில் உயர்நிலை எய்தியவர். மூவரையும் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று ஆதரித்ததோடு அமையாது, யீபாங்கின் கல்வி இடையறவு படாதவாறும் அவர் பார்த்துக்கொண்டார். கைவிடப்பட்ட பெண்ணுக்கு உணவும் உடையும் அளித்தலோடு தம் கடமை தீர்ந்ததென்று அவர் எண்ணியிருப்பின், சீனம் ஒரு தலைவியை இழந்திருக்கும். பிற்காலத்து யீபாங் அம்மையாரிடம் காணப்பட்ட அமைதியும், பிறர் துயர் கண்டவிடத்துத் தாழாது உதவும் இயல்பும், இவ்விளமைத் துன்பத்திலும் அதன்கட் பெற்ற ஆதரவிலும் வேரூன்றியவை என்று கொள்வது பிழையாகாது.

முதற் பட்டதாரிகள் ஐவர்

1915-ஆம் ஆண்டில் நான்கிங் மாநகரில் ஜின்லிங் பெண்கள் கலாசாலை திறக்கப்பெற்றது. ஜின்லிங் என்பது நான்கிங் நகரின் பழம்பெயர். அமெரிக்கத் திருச்சபைகள் பல ஒருங்குகூடி நிறுவிய அக்கலாசாலைக்கு முதற்றலைவராக அமர்ந்தவர் தர்ஸ்டன் அம்மையார். தொடக்கத்தில் மாணவியர் ஒரு சிறு கூட்டத்தினரே. கட்டடமும் வாடகைக்குக் கொண்டதே. அடுத்த ஆண்டு 1916-இல் யீபாங் அங்குச் சென்று சேர்ந்தார். ஆங்குப் பயிலுங்காலத்தே கிறிஸ்துமதத்தைத் தழுவினார். மாணவியர் தம்மைத் தாமே ஆளும் சங்கத்திற்குத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

1919-ஆம் ஆண்டு சீன வரலாற்றில் மறக்கவொண்ணாதது. முதல் உலகப்போரின் முடிவிற் கூடிய பாரிஸ் சமாதான மகாநாடு, ஷாண்டுங் மாகாணத்தில் ஜெர்மனி பெற்றிருந்த உரிமைகளைச் சீனத்திற்குத் திருப்பித் தாராது ஜப்பானுக்கு அளித்தது. அதனைக் கேட்ட மாணவர் மே மாதம் 4-ஆம் நாள் பீக்கிங் வீதிகளிற் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அதுகாறும் கலாசாலை மதிலுக்கு வெளியே கூட்டமாகச் சென்றறியாத ஜின்லிங் மாணவியரும் தெருவில் அணிவகுத்துச் சென்றனர். அவர்களை வழிநடத்தியவருள் யீபாங்கும் ஒருவர். வெளிநாட்டார் நிறுவிய கலாசாலையிற் பயில்வோர் தந்நாட்டை மறந்துவிடுவர் என்னும் பழிச்சொல்லுக்கு அன்று அவர்கள் விடையிறுத்தனர்.

அவ்வாண்டிலேயே யீபாங்கும் தோழியர் நால்வரும் பட்டம் பெற்றனர். சீனநாட்டினுள்ளேயே கலாசாலைக் கல்வி முற்றி இளங்கலைப் பட்டம் பெற்ற முதற் பெண்டிர் இவ்வைவரேயாவர். புகழ்மிக்க பீக்கிங் சர்வகலாசாலை பெண்களுக்குத் தன் வாயிலைத் திறந்தது 1920-இல் தான் என்பதனை நினைவிற் கொண்டால், இவ்வைவரின் சிறப்பு நன்கு விளங்கும்.

சிற்றீயும் பேரறிவும்

பட்டம் பெற்றபின் யீபாங் பீக்கிங்கிலுள்ள பெண்கள் உயர்தர ஆசிரியக் கலாசாலையில் ஆங்கிலம் பயிற்றினார். பிறகு, கீழ்நாட்டுப் பெண்மக்களின் உயர்கல்விக்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் பெற்று, 1922-இல் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்றார். ஆங்கு அவர் மேற்கொண்டது உயிர்நூல். ஓடும் நீரிற் புழுப்பருவத்தைக் கழித்துப் பின் சிறகு பெற்றெழும் கரியதொரு சிற்றீயின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1928-இல் டாக்டர் பட்டம் எய்தினார். வட அமெரிக்காவிலிருந்த சீனக் கிறிஸ்தவ மாணவர் சங்கத்திற்கு அவர் தலைவராக இருந்ததும் இக்காலத்தேயாம்.

நாட்டுத்தொண்டிற்கும் ஈயாராய்ச்சிக்கும் என்ன இயைபு என்று மாணவர் சிலர் வினவக்கூடும். கண்டதனைக் கண்டவாறே குறித்தலும், காணாததனைக் கண்டதாகக் கூறாமையும், முடிவு கூறுதற்கு முன் பன்முறை ஆராய்தலும் உயிர்நூலார்க்கு இன்றியமையாத பயிற்சிகள். இவற்றை அரசியல் மன்றத்திற்குக் கொண்டுசெல்லும் ஒருவர் ஆங்கு எத்துணை அருமையானவர் என்பதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கலாசாலைத் தலைமை

அம்மையார் அமெரிக்காவில் இருக்கையில் சீனத்தில் பெருமாறுதல் நிகழ்ந்தது. 1927 மார்ச்சு மாதம் தேசியப்படைகள் நான்கிங் நகரினுட் புகுந்தபொழுது அயல்நாட்டார் தாக்கப்பட்டனர். நான்கிங் சர்வகலாசாலையின் உபதலைவர் வில்லியம்ஸ் என்பார் சுட்டுக் கொல்லப்பட்டார். அயல்நாட்டார் நடத்தும் கல்விச்சாலைகள் சீனர் கைக்கு வரல்வேண்டும் என்னும் முழக்கம் ஓங்கிற்று. தலைவர் சீனராகவே இருத்தல் வேண்டும். ஆட்சிக்குழுவிற் சீனரே பெரும்பாலராதல் வேண்டும். சமயபாடத்தைக் கட்டாயப்படுத்தலாகாது என்பன புதிய அரசாங்கத்தின் விதிகள். இவற்றிற்கு இணங்காத கலாசாலை மூடப்படும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையில் ஜின்லிங் ஆட்சிக்குழுவினர் நோக்கியது தம் முதல் வகுப்பு மாணவியையே. 1928-இல், முப்பத்தைந்தாம் வயதில், வூ யீபாங் அம்மையார் தாம் பயின்ற கலாசாலைக்கே தலைவரானார். சீனத்தில் உயர்தரக் கலாசாலைக்குத் தலைமை பூண்ட முதற் பெண்டிருள் இவரும் ஒருவர். முன்னைத் தலைவர் தர்ஸ்டன் அம்மையார் பதவியை விட்டிறங்கி, தம் மாணவியின்கீழ் ஆலோசகராக இருந்து பணிபுரிந்தமை இருவர்க்கும் பெருமை தருவதாகும். 1930-இல் கலாசாலை அரசாங்கத்தாற் பதிவு செய்யப்பெற்றது.

பதவி எளிதாயிருக்கவில்லை. பணமளிப்போர் கடல்கடந்த நாட்டிலிருந்தனர். விதி வகுப்போர் நான்கிங்கில் இருந்தனர். ஒருசாரார் சமயப்பற்றுக் குன்றுமோ என்று அஞ்சினர்; மற்றொருசாரார் நாட்டுப்பற்றுக் குன்றுமோ என்று ஐயுற்றனர். இருதிறத்தாரிடத்தும் உண்மையையே கூறி, இருவர் நம்பிக்கையையும் அம்மையார் பெற்றார். 'நிறைவாழ்வு' என்னும் பொருள்பட யோவான் சுவிசேஷத்தினின்று கொண்ட வாசகமே கலாசாலையின் குறிக்கோள். அதற்கு அவர் கூறிய விளக்கம் நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதன் தனக்கென்று மட்டும் வாழப் பிறந்தானல்லன். தன் அறிவாலும் ஆற்றலாலும் பிறர்க்கும் சமூகத்திற்கும் உதவுவானாயின், அவர்கள் நலம் பெறுவதோடு அவன் வாழ்வும் நிறைவெய்தும் என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றதன்று. மூத்த மாணவியர் புதிதாய் வந்தோரைத் தங்கையராகக் கொண்டு பேணும் முறை ஆங்கு வழங்கிற்று. தேகப்பயிற்சிக் கல்வியில் ஜின்லிங் நாட்டிற் பெயர்பெற்று விளங்கியது. கலாசாலையைச் சூழ்ந்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மாணவியரே எழுத்தறிவித்தனர். தலைவரோ ஒவ்வொரு மாணவியின் பெயரையும் குடும்ப நிலையையும் அறிந்திருந்தார் என்று அவரிடம் பயின்றோர் அன்போடு நினைவு கூர்வர்.

போரும் பெயர்ச்சியும்

1937 ஜூலையில் ஜப்பான் சீனத்தின்மேற் பெரும்போர் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நான்கிங் மாநகரம் வீழ்ந்தது. அதன்பின் அந்நகரத்து மக்கட்கு நேர்ந்த கொடுமை உலகம் அறிந்தது. நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அம்மையார் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். கலாசாலையை உள்நாட்டில் மீண்டும் நிறுவும் பொறுப்பு அவரைச் சார்ந்திருந்தது. சீனத்தலைவர் ஒருவர் ஆங்கிருப்பின் பகைவர் கையில் அகப்படுவதன்றி வேறு பயனும் இல்லை. விட்டுச்சென்ற கலாசாலையைக் காத்து நின்றவர் மின்னி வாட்ரின் என்னும் அமெரிக்க ஆசிரியை. அவரும் சீனத் துணைவர் சிலரும் கலாசாலை வாயிலில் நின்று படைவீரரைத் தடுத்து, ஒரு காலத்தில் ஏறத்தாழ 10,000 பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அம்மனைகளிற் புகலிடம் அளித்தனர். கண்ட கொடுமைகளால் உள்ளம் நைந்த வாட்ரின் அம்மையார் 1940-இல் தாய்நாடு திரும்பி, மறுவருடம் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். போர்க்களத்தில் இறந்தார் கணக்கிற் சேராத இத்தகைய உயிர்களையும் நாம் நினைத்தல் வேண்டும்.

யீபாங் அம்மையார் ஸெசுவான் மாகாணத்துச் செங்டூ நகரில், மேற்குச் சீன ஐக்கிய சர்வகலாசாலையின் நிலத்தில் ஜின்லிங்கை மீண்டும் நிறுவினார். நான்கிங், சீலூ, எஞ்சிங் முதலிய கலாசாலைகளும் போரால் இடம்பெயர்ந்து, ஒவ்வொன்றாக அங்கு வந்து கூடின. ஆய்வுச்சாலையும் நூலகமும் பொதுவில் வைத்து, இருக்கும் இடத்தைப் பங்கிட்டு அவை யாவும் நடைபெற்றன. அக்காலத்தும் ஜின்லிங் மாணவியர் ரென்ஷோ என்னும் நாட்டுப்புறம் சென்று கிராமத்தொண்டு ஆற்றினர்.

தாம்பரத்தில் அம்மையார்

இவ்விடத்து நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனெரிச் சங்கத்தின் பெருமகாநாடு, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் நடைபெற்றது. ஏறத்தாழ 70 நாடுகளினின்றும் 471 பிரதிநிதிகள் வந்து கூடினர். இம்மகாநாட்டைச் சீனத்து ஹாங்சௌவிற் கூட்டுவதாகவே முன்பு கருதியிருந்தனர். போரின் காரணமாகவே அது தமிழ்நாட்டிற்கு மாற்றப்பட்டது. யீபாங் சிறுமியாய் முதன்முதற் பள்ளி சென்ற நகரமும் அந்த ஹாங்சௌவேயாகும். சீன தேசியக் கிறிஸ்தவ சங்கத்தின் தலைவராக விளங்கிய அம்மையார், தம் நாட்டுப் பிரதிநிதிக் குழுவிற்குத் தலைமை தாங்கி இங்கு வந்தார்.

அதே மகாநாட்டில் ஜப்பானியப் பிரதிநிதிகளும் இருந்தனர். நான்கிங் வீழ்ந்து ஓராண்டே கழிந்திருந்தது. தம் கலாசாலை பகைவர் கையகப்பட்ட நகரில் நிற்க, அப்பகைவர் நாட்டினரோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே வேண்டுதலிற் கலந்துகொள்ளுதல் எளிதன்று. தாம்பரத்து மரநிழலில் இது நிகழ்ந்தது என்பதனை அவ்வழிச் செல்லும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

அரசியல் மன்றத்தில்

போர்க்காலத்தில் எல்லாக் கட்சியினரையும் கட்சி சாராதாரையும் ஒருங்கு கூட்டி ஆலோசனை கேட்கும்பொருட்டு, 1938-இல் சீன அரசாங்கம் மக்கள் அரசியல் மன்றம் ஒன்றை நிறுவியது. அம்மன்றத்திற்குச் சட்டம் இயற்றும் முழு உரிமை இல்லை. ஆயினும் அமைச்சர்களை வினாவவும், அரசாங்கத்தின் செய்கைகளை ஆராயவும், தீர்மானங்களை முன்வைக்கவும் உரிமையிருந்தது. தேசியக் கட்சியினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் சிறு கட்சியினரும் அதில் அமர்ந்தனர். பெண் உறுப்பினருள், பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த தெங் யிங்சாவும், வழக்கறிஞரான ஷி லியாங்கும் குறிப்பிடத்தக்கவர்கள். எக்கட்சியையும் சாராத கல்வியாளராக வூ யீபாங் அம்மையார் அதில் இடம்பெற்றார்.

1941-இல் மன்றத்தின் தலைமைக்குழுவிற்கு ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் ஒருவர் நாட்டுத்தலைவர் சியாங் கை-ஷேக். மற்றொருவர் நங்காய் சர்வகலாசாலையை நிறுவிய சாங் போலிங். அவ்வைவருள் பெண் யீபாங் அம்மையார் ஒருவரே. கட்சிப்பகை முற்றி, சொல்லுக்குச் சொல் பூசல் விளையும் மன்றத்தில், எத்தரப்பினரும் குறைகூறாதவாறு தலைமை வகித்தல் அரிய செயல். அவர் குரல் ஓங்கி ஒலித்ததன்று. ஆயினும் செவிசாய்த்துக் கேட்கப்பட்டது. பிற்காலத்தில் கல்வியமைச்சர் பதவி தம்மை நோக்கி வந்தபொழுதும் அதனை அவர் ஏற்றாரல்லர். பதவியை நாடாதவர் சொல்லுக்கு இயல்பாகவே ஒரு வலிமை உண்டு.

உலக சாசனத்தில் ஒப்பம்

1945 ஏப்ரல் 25-ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் சாசனத்தை வகுத்தற்பொருட்டு 50 நாடுகளின் மகாநாடு சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடியது. சீனம் அனுப்பிய பிரதிநிதிகள் பதின்மர். அமைச்சர் டி. வி. சூங், அரசியல் தூதர் வெலிங்டன் கூ, பேரறிஞர் ஹூ ஷி, பொதுவுடைமைக் கட்சியினர் துங் பீவூ முதலியோர் அடங்கிய அக்குழுவில், பெண் ஒருவரே. அவர் நம் அம்மையார்.

ஜூன் 26-ஆம் நாள் சாசனத்தில் ஒப்பமிடும் விழா நடந்தது. ஆக்கிரமிப்பிற்கு முதன்முதல் இரையான நாடு சீனம் என்பதனால், அந்நாட்டாரே முதலில் ஒப்பமிட அழைக்கப்பட்டனர். சீனர் தம் மரபின்படி தூரிகை கொண்டு எழுதினர். ஏறத்தாழ 160 பேர் ஒப்பமிட்ட அச்சாசனத்தில் பெண்டிர் நால்வரே. வூ யீபாங் அம்மையாரை அன்றிப் பிறர், பிரேசில் நாட்டு பெர்தா லுட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் என்போர். இவருள் லுட்ஸ் அம்மையார் தவளைகளை ஆராய்ந்த உயிர்நூலார். கில்டர்ஸ்லீவ் அம்மையார் பர்னார்டு என்னும் பெண்கள் கலாசாலையின் தலைவர். ஆகவே நால்வருள் இருவர் உயிர்நூற் புலவர்; இருவர் கலாசாலைத் தலைவர்; வூ யீபாங் அம்மையார் இரண்டுமாவர்!

சாசனத்தின் முகவுரை ஆடவர் பெண்டிர் சமவுரிமையைக் குறிப்பிடுகின்றது. ஐக்கிய நாடுகளின் உறுப்புக்களில் எப்பதவி வகித்தற்கும் இருபாலார்க்கும் தடையில்லை என்று 8-ஆம் விதி கூறுகின்றது. இவ்விதிகளுக்காக முன்னின்று வாதாடியவர்கள் லுட்ஸ், பெர்னார்டினோ ஆகிய தென்னமெரிக்க, மேற்கிந்தியப் பெண்மணிகளே. பெண்களுக்கெனத் தனி வாசகம் வேண்டுவதில்லை என்பதே கில்டர்ஸ்லீவ் அம்மையாரின் கருத்து. வாதாடிய பெருமையை நம் அம்மையார்க்கே உரியதாக்குதல் நேர்மையன்று. ஆயினும், பள்ளி செல்லுதலே பெண்ணுக்கு அரிதாயிருந்த நாட்டிற் பிறந்த ஒருத்தி, தன் ஐம்பத்திரண்டாம் வயதில், அத்தகைய சாசனத்திற் கையெழுத்திட்டமையே வாதத்தினும் வலிய சான்றாகும்.

இருவழி நின்ற காலம்

போர் முடிந்தபின் 1946-இல் ஜின்லிங் நான்கிங்கிற்குத் திரும்பியது. ஆனால் நாட்டிற்கு அமைதி கிட்டவில்லை. தேசியக் கட்சியினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் உள்நாட்டுப்போரில் இறங்கினர். 1949 ஏப்ரல் 23-ஆம் நாள் பொதுவுடைமைப் படைகள் நான்கிங்கைக் கைக்கொண்டன. அதற்கு முன்னரே அரசாங்கத்தார் பலர் தெற்கே சென்றுவிட்டனர். அம்மையாரையும் உடன்வருமாறு அழைத்தனர். அவர் செல்லவில்லை. காவலற்று நின்ற நகரில் கொள்ளையும் குழப்பமும் நேராதவாறு காக்க அமைந்த குழுவில் உபதலைவராக நின்று பணியாற்றினார்.

புதிய ஆட்சியில் அவர் மேற்கொண்ட வழியைப்பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 1950-இல் சீனத் திருச்சபைகள் அயல்நாட்டுத் தொடர்பை அறுத்துத் தந்நிலையில் நிற்றல் வேண்டும் எனக் கிறிஸ்தவத் தலைவர் நாற்பதின்மர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். கொரியப்போர் மூண்டபின் அமெரிக்கப் பொருளுதவி நின்றது. அமெரிக்க ஆசிரியர் நாடு நீங்கினர். 1951-இல் ஜின்லிங் கலாசாலை, நான்கிங் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டுத் தன் தனிநிலையை இழந்தது. 1952-இல் அதன் கட்டடங்கள் நான்கிங் ஆசிரியக் கலாசாலைக்கு உரியவாயின. 1919 முதல் 1951 வரை அதனிடம் பட்டம் பெற்றோர் 999 பேர் என்பர்.

தம்மை வளர்த்தாரைக் கைவிட்டார் என்று கடல்கடந்த நண்பர் சிலர் வருந்தினர். நாடிருக்கும் இடத்தில் தாமும் இருத்தலே கடமை என்று கொண்டார் எனப் பிறர் கூறுவர். நாம் ஒன்று சொல்வோம். 1928-இல் கலாசாலையைச் சீனர் கைக்கு மாற்றுங்கால் அவர் எந்த வினாவிற்கு விடை கண்டாரோ, அதே வினா 1949-இல் பன்மடங்கு கடுமையுடன் அவர்முன் நின்றது. முன்னையதில் அவர் கலாசாலையையும் நாட்டையும் ஒருங்கே காத்தார். பின்னையதில் இரண்டையும் காத்தல் அவர் கையில் இல்லை. கலாசாலை போயிற்று, மாணவியர் போகவில்லை. அவர்களோடு அவரும் தங்கினார். அத்தேர்வின் விலையை அவர் அறியாதவரல்லர். அயலிலிருந்து தீர்ப்புக் கூறுதல் நமக்கு எளிது. அந்நகரில் நின்று முடிவு செய்தல் அவர்க்கு எளிதாயிருந்திராது.

முதுமையும் முடிவும்

அதன்பின் அம்மையார் கியாங்ஸு மாகாணத்தின் கல்வித்துறைத் தலைவராகவும், அம்மாகாணத்தின் உப ஆளுநராகவும் பணியாற்றினார். தேசிய மக்கட் பேரவையின் பிரதிநிதியாகவும், அகில சீனப் பெண்கள் சம்மேளனத்தின் உபதலைவருள் ஒருவராகவும், கல்வியாளர் பலர் சேர்ந்த ஜனநாயக முன்னேற்றச் சங்கத்தின் தலைவருள் ஒருவராகவும் இருந்தார். 1966 முதல் பத்தாண்டுகள் நீடித்த பண்பாட்டுப் புரட்சி என்னும் குழப்பத்தில், நாட்டின் கல்விச்சாலைகளெல்லாம் நிலைகுலைந்தன. ஒரு வாழ்நாளைக் கல்விக்கே அளித்த முதியவர்க்கு அதனினும் பெரிய துயரம் வேறு யாது?

குழப்பம் ஓய்ந்தபின், 1979-இல் மிச்சிகன் சர்வகலாசாலை தன் பழைய மாணவியருட் சிறந்தார்க்கு அளிக்கும் அதீனா விருதை அவர்க்கு வழங்கியது. எண்பத்தாறாம் வயதில் அவர் அமெரிக்கா சென்று அதனைப் பெற்றார். முப்பதாண்டுகளாய்ப் பிரிந்திருந்த ஜின்லிங் மாணவியர் பலர் தம் பழைய தலைவரை ஆங்குக் கண்டு மகிழ்ந்தனர். ஜின்லிங்கை மீண்டும் எழுப்பவேண்டும் என்னும் விருப்பம் அவர்கள் உள்ளத்திலும் அவர் உள்ளத்திலும் ஒருங்கே இருந்தது. 1985 நவம்பர் 10-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில், அம்மையார் நான்கிங்கிற் காலமானார். அவர் விருப்பம் 1987-இல் நிறைவேறிற்று. நான்கிங் ஆசிரியப் பயிற்சிச் சர்வகலாசாலையினுள், பழைய நிலத்திலேயே, ஜின்லிங் பெண்கள் கலாசாலை மறுபடியும் திறக்கப்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன யாவை? துயரம் ஒருவரை முறிக்கவும் கூடும், பிறர் துயர் அறியும் கண்ணைத் திறக்கவும் கூடும் என்பது ஒன்று. ஆதரவற்ற ஒரு பெண்ணின் கல்வியை நிறுத்தாது நடத்திய உறவினர் ஒருவரின் செயல், உலக சாசனம் வரை சென்று பயனளித்தது என்பது மற்றொன்று. நம் இல்லங்களிலும் நம் ஊர்களிலும் படிப்பு இடையில் நின்றுபோன பெண்மக்கள் எத்தனைபேர் என்பதனை எண்ணுங்கால், சென் ஷூதுங் போன்றாரின் தேவை இன்னும் தீரவில்லை என்பது விளங்கும்.

பொதுவாழ்வு என்பது பதவியைத் தேடிச் செல்லுதலன்று. தன் கையிலுள்ள பணியைச் செவ்வனே செய்தலால் பொதுவாழ்வு தன்னைத் தேடிவரும். அம்மையார் பதவியைத் தேடிச் சென்றாரல்லர். ஒரு படையையும் நடத்தினாரல்லர். இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு சிறு கலாசாலையை நடத்தினார். அதனாலேயே அவர் சொல்லை ஒரு நாடு கேட்டது. நம் கலாசாலை வாயிலைக் கடந்து வெளியே செல்லும் மாணவரும் மாணவியரும், தாம் பெற்ற கல்வி யாருக்காக என்னும் வினாவை ஒருமுறையேனும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. அவ்வினாவிற்கு வூ யீபாங் அம்மையார் தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்து விடை கூறினார். நம் விடையை நாமே கூறுதல் வேண்டும்.